பதினைந்தரை அங்குலக் கழுத்து

2018 மார்ச் 6, செவ்வாய்

இன்று மூன்றாவது ஆள்சேர்ப்பு அலுவலகம். முதல் இரண்டு பேரும் மஸ்கீகன் ஊர்க்காரர்கள், என் முகம் தெரிந்தவர்கள், சிரித்துப் பேசியே அனுப்பிவிட்டார்கள். இவன் கிராண்ட் ராப்பிட்ஸ்காரன். போனிலேயே முடித்துவிட்டான். "முன்னாடி படையில இருந்தவங்களா? அட! என்ன வேலை? பாராசூட் மடிக்கறதா? அதுக்கு எங்களுக்கு ஆளே கிடைக்கறதில்லைங்க!" என்று குழைந்தவன், "மறுசேர்க்கை எண் என்ன?" என்றான். மூன்று என்றேன். ஒரு நீளமான "ம்ம்ம்..." வந்தது. "அதுக்கு மேலிடத்துல எழுதிக் கேக்கணும். இப்ப யாரும் குடுக்கறதில்லை. அந்த எண்ணை மாத்திட்டு வாங்க, அப்பறம் பேசலாம்."

ஏதோ சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொல்வது மாதிரி.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் நானே வேறு கதை கட்டிவிடுவேன். நான்கரை வருடம் அமெரிக்க ராணுவத்தில் பாராசூட் மடித்தேன். போன நவம்பரில் வெளியே அனுப்பினார்கள். திருடவில்லை, குடித்துவிட்டு விழவில்லை, யாரையும் அடிக்கவில்லை. (அடிக்க நினைத்தது உண்டு.) இரண்டு மைல் ஓட்டத்தை என் வயதுப் பெண் பத்தொன்பது நிமிடம் முப்பத்தாறு வினாடிக்குள் முடிக்க வேண்டும். எனக்கு இருபது நிமிடம் இருபத்தாறு ஆனது. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள், அதில் இருபது நாற்பத்தொன்று. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், விடுவிப்புத் தாளில் குறை ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கீழே ஒரு கட்டத்தில் 3 என்று போட்டுவிட்டார்கள். 1 இருந்தால் நேராக உள்ளே போகலாம். 3 இருந்தால் வாசலில் நின்று கெஞ்ச வேண்டும்.

எனக்கு அந்தப் பாராசூட் பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நான் மடித்ததைக் கட்டிக்கொண்டு ஆள் குதிப்பான், நானும் குதிப்பேன். அந்த மாதிரி வேலை செய்த கைக்கு இப்போது படகு உறை தைக்கும் வேலை. முதலாளி கஸ் நல்ல மனிதர். கடையில் ஹீட்டர் போட்டு எல்லாரும் அரைக்கை சட்டையில் இருக்கிறார்கள், நான் மட்டும் இரண்டு ஸ்வெட்டர். "ஏம்மா கோவால், உள்ளாற பனி பெய்யுதா?" என்று என் குடும்பப் பேரைச் சொல்லிச் சீண்டுகிறார்.

மார்ச் 19, திங்கள்

நேற்று பதினான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோதும் தூக்கம் வந்தது. சோம்பேறி. இதற்கு வேறு என்ன பேர்?

ஏப்ரல் 11, புதன்

பல் சுத்தம் செய்யப் போனேன். அங்கே இருக்கும் பெண் வழக்கமாகத் தாடைக்குக் கீழே தடவிப் பார்ப்பாள். இன்று தடவியவள் நிறுத்திவிட்டு, "முழுங்குங்க" என்றாள். விழுங்கினேன். "இன்னொரு தடவை." விழுங்கினேன்.

"இந்த வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

"வீக்கமா? அது என் கழுத்தும்மா. படையிலயே பேர் போன கழுத்து."

அவளுக்குக் கதை சொன்னேன். நான் உயரம், எலும்பு கனம், எடைப் பட்டியல் எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. பட்டியலை மீறினால் டேப் போடுவார்கள். பெண்களுக்குக் கழுத்து, இடுப்பு, பிட்டம் மூன்றும் அளந்து ஒரு கணக்கு. கழுத்து பருத்திருந்தால் கணக்கில் கொழுப்பு குறையும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! அதனால் டேப் போடும் வாரத்தில் பட்டறைப் பெண்கள் எல்லாரும் தலையில் எடையைக் கட்டி ஆட்டிக் கழுத்தைப் பருக்க வைக்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. "கோவாலுக்கு என்னடி, காளைமாட்டுக் கழுத்து" என்று வயிறெரிவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப், ஒவ்வொரு முறையும் பாஸ். எனக்கு அதில் பெருமை வேறு.

அவள் சிரிக்கவே இல்லை. "டாக்டரைப் பாருங்க. இந்த வாரமே" என்றாள்.

ஏப்ரல் 20, வெள்ளி

தைராய்டு.

ரத்தத்தில் ஏதோ ஒன்று நாலுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு அறுபத்தெட்டு. டாக்டர் ஃபெல்ட் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இந்த நிலைமையில நீங்க மாடிப்படி ஏறினதே பெருசு" என்றார். சுரப்பி வேலை செய்யாமல், அதை ஈடுகட்டப் பெருத்துக்கொண்டே போயிருக்கிறது. தூக்கம், குளிர், எடை, கால் கனத்தது எல்லாம் அதனால்தான். ஒரு நாளில் வந்ததில்லை, சில வருடமாக இருந்திருக்கும் என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்!

வண்டியில் உட்கார்ந்து அழுதேன். நோய் வந்ததற்காக இப்படிச் சந்தோஷப்பட்டு அழுதவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நான் சோம்பேறி இல்லை. நான் சோம்பேறி இல்லை. எங்கள் பட்டறை சார்ஜன்ட் மாபரி பயிற்சி மைதானத்தில் நின்று, "கோவால்! அந்தக் காலு உனக்குச் சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா?" என்று கத்துவாளே, அப்போதெல்லாம் அவள் சொல்வது சரி என்றுதானே நினைத்தேன்? முகாமில் மூன்று முறை மருந்தகத்தில் போய் நின்றேன். மூன்று முறையும், நிறையத் தண்ணி குடி, இந்த வலி மாத்திரையைப் போடு, போ. யாரும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டவள் மாபரி ஒருத்திதான், அதுவும் டேப்போடு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவள், எதற்கும் பதறாதவள். "அப்ப உன்னை எழுப்ப நான் தண்ணி ஊத்தினதெல்லாம்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 24, செவ்வாய்

மாவட்ட முன்னாள் படையினர் அலுவலகம். யோலண்டா பீட்ஸ் என்ற அம்மாள். கடற்படையில் இருந்தவள், மேசையில் ஒரு ஜாடி நிறைய மிட்டாய், பேச்சில் மட்டும் இனிப்பு கிடையாது.

"என்ன வேணும் உனக்கு? பணமா, படிப்பா, வேலையா?"

"அந்த மூணை அழிக்கணும்."

"அழிச்சு?"

"திரும்பப் போகணும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்க வர்றவங்க எல்லாரும் அங்கேருந்து தப்பிச்சு வந்த கதையைத்தான் சொல்வாங்க. நீ முதல் ஆளு." பதிவுத் திருத்த வாரியத்துக்கு மனு எழுத வேண்டும். டாக்டர் ஃபெல்ட் கொடுத்த கடிதத்தை இணைத்தோம். பதில் வர ஒரு வருடமாகலாம், வாசலையே பார்த்துக்கொண்டு உட்காராதே என்றாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

ஏரிக்கரையில் இரண்டு மைல். பதினெட்டு நிமிடம் இரண்டு வினாடி. யாரும் கத்தவில்லை. நானேதான் கத்தினேன், ஒரு கடற்பறவை பயந்து பறந்தது.

2019 ஜூன் 13, வியாழன்

நிராகரிப்பு.

"நோய் கண்டறியப்பட்டது மனுதாரர் விடுவிக்கப்பட்டு ஐந்து மாதங்களுக்குப் பின். பணிக்காலத்தில் அந்நோய் இருந்ததற்கு ஆதாரம் இல்லை."

ஆதாரம் இல்லையாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தானேடா ஆதாரம் இருக்கும்! எடுத்தீங்களா? மூணு தடவை வந்து நின்னேனே, தண்ணி குடின்னு அனுப்பினது யாரு? அப்ப பாக்காம விட்டுட்டு இப்ப எங்கே காட்டுன்னு கேக்கறாங்க. வெளியே வந்த மறுநாள் காலையில திடீர்னு முளைச்சுதாமா கழுத்துல?

அம்மா சூப் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

யோலண்டா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "கோவப்படு, வேணாங்கலை. ஆனா என்ன எழுதியிருக்கான்னு படி. பொய்யின்னு சொல்லலை. காட்டுன்னு சொல்றான். வெளி டாக்டர் சொன்னது போதாது. நீ உள்ளாற இருந்தப்ப எழுதின ஏதாவது வேணும்."

"உள்ள ரத்தமே எடுக்கலையே!"

"எடுக்கலை. ஆனா ராணுவம் எதையாவது எழுதாம விட்டிருக்கா? உன் கோப்பு மொத்தத்தையும் நகல் கேட்டு எழுதுவோம். ஒரு தாள் விடாம. புதுசா ஏதாச்சும் இருந்தா மறுபரிசீலனை கேக்கலாம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கோப்பு வந்தது. இருநூற்றுப் பத்துத் தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கடையில் பிரித்துக்கொண்டிருந்தேன். கஸ் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். முப்பது வருடமாகப் படகுகளை அளக்கிறவர், எண்ணைக் கண்டால் வாய்விட்டுப் படிக்காமல் இருக்க மாட்டார்.

"கழுத்து பதிமூன்றரை. கழுத்து பதினாலு. பதினாலரை. பதினஞ்சு. பதினஞ்சரை. என்னம்மா இது, அஞ்சு பொண்ணுங்களா?"

"இல்லை. ஒரே ஆள். நான்தான்."

"அளவெடுத்தவன் குடிச்சிருந்தானா? வளந்த மனுஷிக்கு எப்படிம்மா கழுத்து வளரும்?"

கையில் இருந்ததை வைத்துவிட்டேன். டேப் போட்ட தாள்கள் ஐந்து. 2015 நவம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை, ஆறு மாதத்துக்கு ஒன்று. தேதி, அளவு, கையெழுத்து. இரண்டு வருடத்தில் இரண்டு அங்குலம். அவர்கள் ரத்தம் எடுக்கவில்லை. ஆனால் வீக்கம் வளர வளர ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! கொழுத்திருக்கிறேனா என்று பார்க்க எடுத்த அளவு. அதைப் பார்த்துவிட்டு நல்ல கழுத்து என்று தட்டிக்கொடுத்தார்கள். நானும் நிமிர்ந்து நின்றேன், லூசு.

கஸ்ஸைக் கட்டிக்கொண்டேன். நசுங்கிய சாண்ட்விச்சின் கடுகு சாஸ் அவர் சட்டையெல்லாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

யோலண்டா தாள்களைப் பார்த்ததும் மேசையைத் தட்டினாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்குப் பயம்.

"ஒரு சிக்கல் இருக்கு கண்ணு. டேப் பிடிக்கறவங்க இரக்கப்பட்டுக் கழுத்துல அரை அங்குலம் கூட்டி எழுதறது எல்லாப் படையிலயும் நடக்கறதுதான். வாரியத்துல உக்காந்திருக்கறவனும் படையில இருந்தவன்தான். இந்தத் தாளைப் பாத்தா என்ன நினைப்பான்? எடை ஏற ஏற, காப்பாத்த ஒரு தோழி கழுத்தையும் ஏத்திக்கிட்டே போயிருக்கான்னு நினைப்பான்."

"மாபரியா? எனக்கா? இரக்கமா?"

"அதை அவ எழுதிக் குடுக்கணும். அளவு உள்ளபடி உண்மைன்னு, சத்தியம் பண்ணி."

முதல் தாள் வேறு யாரோ. மற்ற நான்கிலும் ஒடெஸ்ஸா மாபரி கையெழுத்து. என்னை வெளியே அனுப்பலாம் என்று முதலில் எழுதிய தாளிலும் அதே கையெழுத்துதான். அவளிடம் போய் நிற்பதா? அதற்குப் பதில் இரண்டு மைலை முழங்காலில் ஓடிவிடலாம்.

ஆகஸ்ட் 31, சனி

கூப்பிட்டேன். மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறை வைத்துவிட்டு, நான்காவது முறை.

"மாபரி."

அந்தக் குரலைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றேன். அம்மா வேடிக்கை பார்த்தாள். எல்லாம் சொன்னேன்.

"சார்ஜன்ட், நீங்க எனக்காகக் கழுத்துல கூட்டி எழுதலைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"நான் யாருக்கும் கூட்டி எழுதினதில்லை கோவால்."

"தெரியும் சார்ஜன்ட்."

"அப்பறம் பேசறேன்." வைத்துவிட்டாள். நல்லா இருக்கியா, மாத்திரை சாப்பிடறியா என்று ஒரு வார்த்தை? ம்ஹும்.

செப்டம்பர் 2, திங்கள்

விடுமுறை. பக்கத்து வீட்டில் இறைச்சி சுடுகிறார்கள். மாபரி அவளாகவே கூப்பிட்டாள். முன்னுரை இல்லை, வணக்கம் இல்லை.

"நான் கூட்டலை. குறைச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"டேப் போடறப்ப பாதிப் பேரு தோளைத் தூக்கி, மூச்சை அடக்கி, கழுத்தை உப்ப வெச்சுக்குவாங்க. எனக்குத் தெரியாதா? நீ ஒவ்வொரு தடவையும் பெருசா வந்து நின்னே. நீயும் ஏமாத்தறேன்னு நினைச்சேன். அதனால நாலு தடவையும் அரை அங்குலம் கழிச்சுத்தான் எழுதினேன். கடைசித் தடவை உன் கழுத்து பதினாறு."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டிருக்கணும்."

"சார்ஜன்ட், ஏன் கேக்கலை?"

"கேட்டிருக்கணும்னுதான் சொல்றேன் கோவால்."

செப்டம்பர் 3, செவ்வாய்

ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் என்னை ஏமாத்துக்காரின்னு நினைச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னிருக்கா. ஒரே மேசையில பாராசூட் மடிச்சோம். நான் மடிச்சதை மாட்டிக்கிட்டுக் குதிச்சா. உயிரை என் கையில நம்பிக் குடுத்தவ கழுத்தை நம்பலை! கேட்டிருந்தா? "கோவால், கழுத்துல என்னடி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னிக்கே மருந்தகத்துல போய் நின்னிருப்பேனே. இன்னிக்கும் அங்கேயேதான் இருந்திருப்பேன்.

இன்று தைத்த உறை முழுவதும் கோணல். பிரித்துத் தைக்க வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

யோலண்டாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல். "உனக்குக் கோவம்னு தெரியுது. ஆனா யோசி. கூட்டி எழுதியிருப்பாங்கங்கற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கு? உண்மையான கழுத்து இன்னும் பெருசு. அவ எழுதிக் குடுத்தா வாரியம் வாயடைச்சுப் போகும்."

ஆனால் எழுதிக் கொடுத்தால், பொய் அளவு எழுதினேன் என்று தன் கையாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. ராணுவத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நானே கூப்பிட்டேன். பெரிய மனது பண்ணி, வேண்டாம் விடுங்க என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும், "எழுதிக் குடுப்பீங்களா?" என்று வந்தது. எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டியிருக்கிறது.

"பதவி உயர்வுப் பட்டியல் வர்ற நேரம்" என்றாள். பிறகு, "பாக்கறேன்."

செப்டம்பர் 29, ஞாயிறு

மாபரியிடமிருந்து ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அம்மா கேட்டாள்: "அவ எப்படிப்பட்டவ?"

யோசித்துச் சொன்னேன். பட்டறையில் மடிக்கும்போது துணி நழுவாமல் இருக்கக் கிளிப் போடுவோம். வேலை முடிந்ததும் எல்லாக் கிளிப்பையும் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது எதற்குள்ளாவது மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று அன்றைக்கு மடித்த அத்தனையையும் பிரிப்போம். ஒருமுறை வெள்ளிக்கிழமை கணக்கு சரியாக இருந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம். சனிக்கிழமை காலை மாபரி எல்லாரையும் கூப்பிட்டாள். நேத்து நான் ரெண்டு தடவை எண்ணினேனா ஒரு தடவையான்னு எனக்கு ஞாபகம் இல்லை, வாங்க என்றாள். நாற்பத்திரண்டு பாராசூட் பிரித்தோம். ஒரு கிளிப்பும் இல்லை. எல்லாரும் அவளைத் திட்டினோம், நான்தான் அதிகம். அவள் ஒன்றும் சொல்லாமல் முதல் ஆளாக மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப எழுதுவா" என்றாள் அம்மா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

அக்டோபர் 17, வியாழன்

எழுதிவிட்டாள்!

இரண்டு பக்கம், சத்தியம் செய்து, முத்திரை வைத்து. நான்கு தேதிகள், நான்கு உண்மையான அளவுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தான் எழுதிய அளவு. "சிப்பாய் கோவால் ஏமாற்றுகிறார் என்று சந்தேகித்தேன். கேட்கவில்லை. என் சந்தேகம் தவறு. அவர் ஓட முயன்று கீழே விழுந்ததை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். அதையும் நடிப்பு என்று நினைத்தேன். அதுவும் தவறு." கடைசியில் கையெழுத்து, பதவி, பட்டறை. என் பேருக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை, மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

நான்கு முறை படித்தேன். கோபம் எங்கே போனது என்று தேடினேன், பாதிக்குமேல் காணவில்லை. கீழே விழுந்ததை நானே மறந்திருந்தேன்.

நவம்பர் 4, திங்கள்

எல்லாம் அனுப்பியாயிற்று. ஐந்து டேப் தாள், மாபரியின் இரண்டு பக்கம், டாக்டர் ஃபெல்ட் எழுதிய புதுக் கடிதம். கழுத்து இப்போது பதினாலு. கஸ் தன் டேப்பாலேயே அளந்து, "சுருங்கிடுச்சும்மா, வெந்நீர்ல துவைச்சியா?" என்றார்.

2020 ஏப்ரல் 22, புதன்

ஊரே மூடிக் கிடக்கிறது. கடையில் படகு உறை இல்லை, முகக்கவசம் தைக்கிறோம். நாளொன்றுக்கு முந்நூறு. வாரியமும் வீட்டிலிருந்து வேலையாம், தாமதமாகுமாம். ஆகட்டும். காலையில் ஓடும்போது தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பதினாறு நிமிடம் நாற்பது.

அக்டோபர் 5, திங்கள்

இருபத்தெட்டு வயது முடிந்தது. அம்மா கேக் செய்தாள். வேறு செய்தி இல்லை.

நவம்பர் 10, செவ்வாய்

வந்துவிட்டது.

கஸ் கடைக்கே அம்மா கொண்டுவந்தாள், சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். "நீயே பிரிடி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எதற்கும் பயந்து அவளை நான் பார்த்ததில்லை. நான் பிரித்தேன், எனக்குக் கண்ணில் எழுத்து நிற்கவில்லை, கஸ்ஸிடம் நீட்டினேன். அவர் வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார், தையல் இயந்திரம் எல்லாம் நின்றது.

"நோய் பணிக்காலத்திலேயே தொடங்கி வளர்ந்துவந்ததை ராணுவத்தின் சொந்த அளவுப் பதிவுகள் காட்டுகின்றன என்று வாரியத்தின் மருத்துவ ஆலோசகர் கருதுகிறார். அளவெடுத்தவரின் வாக்குமூலம் இதை வலுப்படுத்துகிறது. ஓட்டத் தேர்வில் தவறியது மனுதாரரின் முயற்சிக் குறைவால் அல்ல. விடுவிப்புக் காரணம் மாற்றப்படுகிறது. மறுசேர்க்கை எண் 1 எனத் திருத்தப்படுகிறது."

முயற்சிக் குறைவால் அல்ல. அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். இன்னொரு முறை கேட்டேன். "ஏம்மா, மனப்பாடம் பண்ணப் போறியா?" என்றார், ஆனால் படித்தார்.

அப்பாடா. மூன்று வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. மடித்துவைத்த துணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யோலண்டாவிடம் போனில் சொன்னேன், கத்தினாள், பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்றாள்.

நவம்பர் 11, புதன்

மாபரியைக் கூப்பிட்டேன். இந்த முறை உட்கார்ந்துகொண்டே.

"ஒண்ணு போட்டுட்டாங்க சார்ஜன்ட்."

"ம்." பிறகு மெதுவாக, "நல்லது கோவால். ரொம்ப நல்லது."

பதவி உயர்வு என்னவாயிற்று என்று கேட்டேன். போன வருடம் பட்டியலில் பேர் இல்லை. கோப்பில் கண்டிப்புத் தாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்த வருடமும் இருக்காது என்றாள், வானிலை சொல்வது மாதிரி.

"நீங்க எழுதாம இருந்திருந்தா..."

"எழுதினேன்ல? முடிஞ்சுது, விடு." பிறகு கேட்டாள்: "ரெண்டு மைல் இப்ப எவ்வளவு?"

"பதினாறு முப்பத்தொண்ணு."

"பொய்."

"பொய் இல்லை சார்ஜன்ட்."

"சரி, நம்பறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை முழுவதுமாக மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. முக்கால்வாசி மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 12, செவ்வாய்

ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கிராண்ட் ராப்பிட்ஸில் இப்போது வேறு ஆள், சின்னப் பையன் குரல், சளி பிடித்திருக்கிறது. படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனான். பெயர், பிறந்த தேதி, எத்தனை வருடம் இருந்தீர்கள், என்ன வேலை. திருத்திய தாள் முன்னாலேயே இருக்கிறது, இருந்தும் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

"மறுசேர்க்கை எண்?"

"ஒண்ணு."

"உயரம்?"

அவ்வளவுதானா? ம்ம்ம் கூட இல்லையா? தட்டச்சுச் சத்தம் ஒரே ஒரு தட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். மூன்று வருடம், இருநூற்றுப் பத்துத் தாள், மாபரியின் பதவி, எல்லாம் அந்த ஒரு தட்டு.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்."

"உயரம் கேட்டேங்க."

"அஞ்சடி ஒன்பது."

அதற்குப் பிறகு இன்னும் பத்தொன்பது கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.